காலரா ஊசிக்குப் பிரித்த தையல்

கார்த்திகை தீபம் முடிந்து அகல்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் எங்கள் தெருவுக்குத் தண்டோராக்காரர் வந்துவிடுவார். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து சேரும். ஜனத்தோடு வாந்திபேதியும் வந்து சேர்ந்துவிடும் என்று சர்க்காருக்குப் பயம். அதனால் ஊர்க்காரர்கள் எல்லோரும் முன்னாலேயே காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்களை ரயிலடியிலும் பஸ் நிற்கிற இடத்திலும் மடக்கிப் போடுவார்கள். தண்டோராக்காரர் இதையெல்லாம் ஒரே மூச்சில் கத்தி முடித்துவிட்டு எங்கள் வாசலில் நின்று ஒரு வாழையிலை கேட்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு. என் மாமனார் கிழிசல் இல்லாத இலையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

எங்களுடையது இலை வியாபாரம். ஜீயபுரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியும்போது மாட்டு வண்டியில் இலைக்கட்டு வரும். என் பிறந்த வீடும் அந்தப் பக்கம்தான். எங்கள் அப்பா தோட்டத்தில் இலை வாங்கப் போய் வந்துதான் இவர்கள் என்னைப் பார்த்தார்கள். வீட்டின் முன்கட்டில் ஈரச் சாக்கை விரித்து, நுனியிலையைத் தனியாகவும் மற்ற இலையைத் தனியாகவும் அறுத்துப் பிரித்து, சுருட்டிக் கட்டி, ஓட்டல்களுக்கும் சத்திரங்களுக்கும் திருச்சி மார்க்கெட்டுக்கும் அனுப்புவோம். மற்றவர்களுக்குத் தை மாதம் அறுவடை என்றால் எங்களுக்கு மார்கழி அறுவடை. அந்த நேரம் பார்த்துத்தான் ஊசி வரும். போட்ட கை வீங்கும். ராத்திரி காய்ச்சல் அடிக்கும். மறுநாள் ஒரு கட்டு தூக்க முடியாது.

"இந்த ஊசிய தையில போட்டா என்ன? ஏகாதசி முடிஞ்சு எல்லாரும் சும்மாத்தானே உக்காந்திருப்போம்" என்பார் மாமனார், வருஷா வருஷம்.

"காலரா வாசல்ல நின்னு, உங்க யாவாரம் முடியட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கும்" என்பார் மாமியார்.

அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் இடது கையில்தான் ஊசி போட்டுக்கொள்வோம். வலது கை அரிவாள் பிடிக்கிற கை. அதைத் தொடவிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. அந்தக் காலத்து ரவிக்கைக்குக் கை முழங்கை வரைக்கும் இருக்கும். இறுக்கிப் பிடிக்கத் தைத்துக்கொள்வோம், அதுதான் அழகு. சுருட்டினால் மேலே ஏறாது. ஊசியோ தோளுக்குக் கீழே போட வேண்டும். இதற்கு என் மாமியார் ஒரு வழி வைத்திருந்தார். ஊசிக்கு முதல் நாள் மத்தியானம் வீட்டுப் பெண்களின் ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இடது கையின் அடித்தையலை ஒரு சாண் அளவுக்குப் பிரிப்பார். பிரித்த இடத்தில் ஊக்கு குத்திவிடுவார். முறை வந்ததும் ஊக்கைக் கழற்றித் துணியை விலக்கினால் உள்ளங்கை அளவு தோல் தெரியும், அவ்வளவுதான். வீக்கம் வடிகிறவரை தையலைத் திறந்தே விட்டுவிட்டு, வடிந்தபின் மறுபடி தைத்துக் கொடுப்பார். நான் கல்யாணமாகி வந்த முதல் மார்கழியில், ஆண்பிள்ளை கையால் ஊசியா என்று அடுப்படியில் அழுதுகொண்டு நின்றபோது இந்த வித்தையைக் காட்டினார்.

"கை மட்டுந்தான் வெளிய வரும். ஒன் மானமெல்லாம் உள்ளயே பத்திரமா இருக்கும். கண்ணத் தொடச்சுக்க."

நான் அப்படிப்பட்ட பிறவி. ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் பேர் கூப்பிடும்போது வாயைத் திறந்து 'உள்ளேன்' என்றுகூடச் சொல்ல மாட்டேன், கையை மட்டும் தூக்குவேன். அவரும் பழகிப்போய், என் பேர் வரும்போது தலையை நிமிர்த்திக் கையைப் பார்ப்பார். மாமியார் வீட்டிலும் அதே கதைதான். பசித்தால் சொல்ல மாட்டேன், வலித்தால் சொல்ல மாட்டேன். என் நாத்தனார், எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். கல்யாணத்துக்கு நின்ற வயது. "அண்ணிக்கு இன்னொரு தோசை வேணுமாம்" என்று அவளாகவே சொல்லிவிடுவாள். அது எனக்கு வேண்டித்தான் இருக்கும்.

ஊசிகளைப் பற்றி நாங்கள் ஓரளவு தெரிந்து வைத்திருந்தோம். அம்மை குத்துவது வேறு. அதைக் குழந்தையிலேயே குத்திவிட வேண்டும்; கையில் காசு மாதிரி தழும்பு நிற்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காசநோய்க்கு ஒன்று போட்டார்கள். காலராவுக்கு வருஷா வருஷம். ஆனால் எந்த ஊசியும் இல்லாத காய்ச்சல் ஒன்றும் வந்தது. எனக்குக் கல்யாணமான மறு கோடையில், ஐம்பத்தேழு என்று நினைக்கிறேன், ஃப்ளூ காய்ச்சல் என்று ஒன்று மெட்ராஸில் கப்பலிலிருந்து இறங்கி ரயிலேறித் திருச்சிக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் எல்லா வீட்டிலும் படுத்துவிட்டார்கள். "இதுக்கு ஊசி இருக்கா சார்?" என்று மாமனார் போய்க் கேட்டதற்கு, "இதுக்கு ஊசி நம்ம ஊருக்கெல்லாம் வரல. சுடுதண்ணி குடிங்க, படுத்திருங்க" என்றாராம் டாக்டர்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். முதல் தடவை. தெரிந்த அன்றே மாமியார் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்தக் காய்ச்சலில் நான் உடம்பு கொதிக்கப் படுத்தேன். எழுந்தபோது வயிற்றில் ஒன்றும் இல்லை.

அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வரவில்லை. மாமியார் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். "என் வாய்தான். சர்க்கரை கைய விட்டு எறங்குறதுக்குள்ள ஊர்க் கண்ணு பட்டுருச்சு." பிறகு எனக்குத் தலை துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "இனிமே ஒண்ணு தங்குச்சுன்னா, நல்லபடியா மூணு மாசம் தாண்டுற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நீயும்தான்." நான் வாயைத் திறக்காமலிருப்பதற்கு இப்படி ஒரு உத்தரவு தேவையே இல்லை. ஆனாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் நான் பின்கட்டில் ஒதுங்கி உட்காரவில்லை. அந்தச் சமயம் மாமியார் துறையூரில் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கார்த்திகையிலும் நான் ஒதுங்கவில்லை. அதற்குள் அவர் திரும்பி வந்திருந்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இலைக்கட்டு வந்து குவிகிற நேரம், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடமும் நான் சொல்லவில்லை. போன தடவை முதலில் குதித்தவரும் அவர்தான், முதலில் அழுதவரும் அவர்தான்.

மாமியார் கவனித்ததெல்லாம் என் குற்றம் குறைகளைத்தான் என்று தோன்றியது. திடீரென்று நான் செய்வது எதுவும் அவருக்குப் பிடிக்காமல் போனது. கிணற்றடியில் நான் கயிற்றைத் தொட்டால், "குடு இங்க. நீ எறைச்சா பாதித் தண்ணி கெணத்துக்கே போகுது" என்று பிடுங்கிக்கொள்வார். இலைக்கட்டை நகர்த்தப் போனால், "கட்டத் தூக்குற அழகப் பாரு, எல கிழிஞ்சுரும், போ அந்தப் பக்கம்" என்பார். எதிர்வீட்டு அக்கா பப்பாளிப் பழம் நறுக்கிக் கொண்டுவந்து தந்தாள். நான் ஒரு துண்டை எடுப்பதற்குள் மாமியார் தட்டோடு வாங்கிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டுவிட்டார். "கசக்கும் அது" என்றார். ருசி பார்க்காமலே.

எனக்கு அழுகையாக வந்தது. நாத்தனார்தான், "விடுங்க அண்ணி, துறையூர் அக்கா ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கும், அந்தக் கோவம்" என்று சமாதானம் சொன்னாள்.

இந்த நிலையில் தண்டோரா வந்தது. அந்த வருஷம் கெடுபிடி ஜாஸ்தி. சத்திரங்களுக்கு இலை, பால், காய்கறி போடுகிற வீடுகளில் ஒருத்தர் விடாமல் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்பது தெரியும். காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அத்தையிடம் சொல்லிவிடலாமென்று போவேன். மூணு மாசம் தாண்டும்வரை வாயைத் திறக்காதே என்று சொன்னவரும் அவர்தானே என்று திரும்பிவிடுவேன். சொன்னதாலேயே மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்?

முதல் நாள் மத்தியானம் மாமியார் வழக்கம்போல ரவிக்கைகளோடு உட்கார்ந்தார். தன்னுடையதைப் பிரித்தார். நாத்தனாருடையதைப் பிரித்தார். என் பச்சை ரவிக்கை கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, அண்ணியோடது?" என்றாள் நாத்தனார்.

"ஏன், அவளுக்குக் கையில்லையா? அவளே பிரிச்சுக்கட்டும்."

நான் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் உட்கார்ந்து நானே பிரித்தேன். இடது கைத் தையல். கோணல்மாணலாகப் போனது. அத்தைக்கு என் மேல் இவ்வளவு வெறுப்பா என்று நினைத்தபடியே ஊக்கு குத்தினேன்.

மறுநாள் காலையில் தெருமுனை மண்டபத்தில் மேஜை போட்டு ஸ்பிரிட் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்திருந்தார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, எதிரும் புதிருமாக. பெண்களுக்கு நர்ஸம்மா வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவரை ரயிலடிக்கு அனுப்பிவிட்டார்களாம். காக்கி உடுப்பு போட்ட சுகாதார இன்ஸ்பெக்டர்தான் இரண்டு வரிசைக்கும். கூட ஒருத்தர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு, நீட்டுகிற கையையெல்லாம் முகத்தைப் பார்க்காமல் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் மாமனாரும் என் வீட்டுக்காரரும் இலை வாசனையோடு அப்படியே வந்து நின்றிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "கைக்கொழந்தைங்க, காய்ச்சல்ல இருக்கிறவங்க, முழுகாம இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் இப்ப ஊசி கெடையாது. அந்தத் தூண் பக்கம் தள்ளி நின்னுக்குங்க."

இதைவிடச் சுலபமாக யாரும் எனக்கு வழி சொல்லியிருக்க முடியாது. தூண் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அங்கே போய் நின்றால் தெருவுக்கே சொன்ன மாதிரி. எதிரே மாமனார் நிற்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தூணடிக்கு முதலில் போனது, கம்பளி போர்த்திய ஒரு பெரியவர். அடுத்தாற்போல் பால்காரர் மகன் இருமிக்கொண்டே நழுவினான். எதிர்வீட்டு அக்கா விடுவாளா?

"ஏண்டா, ஒனக்கு என்ன?"

"காய்ச்சல்க்கா."

"காலையில எங்க வீட்டு வாசல்ல நின்னு எட்டு இட்லி தின்னியே, அது யாரு, ஒன் காய்ச்சலா தின்னுச்சு?"

மண்டபமே சிரித்தது. அவன் வரிசைக்குத் திரும்பி வந்தான். போகிறவர்களை இப்படி நிறுத்திக் கேள்வி கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?

நாத்தனார் போட்டுக்கொண்டு, "ஸ்ஸ்... ஒண்ணுமில்ல" என்று கண்ணில் நீரோடு சிரித்தாள். அடுத்து மாமியார். இடது கை ஊக்கைக் கழற்றினார், போட்டுக்கொண்டார், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை. மேஜைக்கும் எனக்கும் நடுவில் அப்படியே நின்றார்.

"தள்ளிக்குங்கம்மா, அடுத்தவங்க வரட்டும்."

"சார், இது என் மருமவ. இவளுக்கு ஒடம்பு சுடுது."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். ஜுரம் பார்க்கிற குச்சியைக் கழுவி என் நாக்குக்கு அடியில் வைத்தார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றார்.

"நேத்து இருந்துச்சு சார்."

"நேத்துக்கு நான் என்ன பண்றது?"

"நாளைக்கும் வரும்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியார் சிரிக்கவில்லை. பிறகு இடது கைப் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, ரவிக்கையின் வலது கையிலிருந்தும் ஓர் ஊக்கைக் கழற்றினார். துணியை விலக்கினார். வலது கையை நீட்டினார்.

"அப்ப அவளுக்குள்ளதையும் எனக்கே போட்டுருங்க."

இன்ஸ்பெக்டர் நீட்டிய கையைப் பார்த்தார். "என்னம்மா இது, கோயில் பிரசாதமா, வராதவங்களுக்கும் சேத்து வாங்கிட்டுப் போறதுக்கு?"

"வீட்டுக்கு இத்தன பேருன்னுதானே கேக்குறீங்க? அத்தன ஊசியும் எங்க வீட்டு ஒடம்புல எறங்கிருச்சுன்னா சரிதானே? சமயபுரத்தா கோயில்ல எம் பொண்ணுக்கு நேந்துக்கிட்ட தீச்சட்டிய நான்தான் எடுத்தேன். ஆத்தா ஏத்துக்கிட்டா. நீங்க ஏத்துக்க மாட்டீங்களா?"

"ரெண்டு கையும் வீங்கினா எந்தக் கையால சாப்பிடுவீங்க?"

"மருமவ ஊட்டுவா. அவளுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கும்?"

பஞ்சுக்காரர், நீட்டியது எந்தக் கை, யார் கை என்று பார்க்காமல் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கையில் ஊசி இருந்தது.

நான் அந்த வலது கை ரவிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் ஒரு சாணுக்கு நேராக, ஒரு பிசிர் இல்லாமல் பிரிக்கப்பட்டிருந்தது. நேற்று மத்தியானமே பிரித்தது. என் ரவிக்கையைத் தொடாமல் விட்டதற்கும், இந்தக் கையைப் பிரித்து வைத்ததற்கும் ஒரே காரணம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கிணற்றுக் கயிறு, இலைக்கட்டு, மாட்டுக்குப் போன பப்பாளி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. இந்த அம்மாளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. என்னை வாயைத் திறக்காதே என்று சொன்னவர், தன் வாயையும் கட்டிக்கொண்டு, கண்ணேறு படாமல் என்னைத் திட்டித் திட்டியே காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தச் சின்னக் குச்சிக் கையில் இன்னொரு ஊசி இறங்கினால் தாங்குமா?

"அத்தை, வேணாம்" என்றேன்.

நான் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. அதோடு நிறுத்தாமல், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நடந்து போய்த் தூண் பக்கத்தில் நின்றேன். கம்பளிப் பெரியவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

முதலில் கேட்டது நாத்தனார்தான்:

"அண்ணிக்கு நெசமாவே காய்ச்சலா?"

எதிர்வீட்டு அக்கா அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "ஆமாண்டி. ஆனி மாசத்துல தெளியிற காய்ச்சல்."

இன்ஸ்பெக்டர் ஊசியைத் தாழ்த்தினார். மாமியாரைப் பார்த்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார், மெதுவாக.

"நான் எங்க சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலயே" என்றார் மாமியார் அவசரமாக, மேலே பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். "அவ சும்மா காத்து வாங்க அங்க நிக்கிறா." வலது கை ஊக்கை இடது கையால் திரும்பக் குத்தப் பார்த்தார், சரியாக வரவில்லை. நாத்தனார் குத்திவிட்டாள்.

எதிர் வரிசையில் மாமனார் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தபடியே நகர்ந்து வந்தார். பார்த்தபடியே கையை நீட்டினார். ஊசி இறங்கியபிறகுதான் தெரிந்தது, அவர் நீட்டியது வலது கை. அரிவாள் பிடிக்கிற கை.

"போச்சு!" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் குரலில் கோபம் இல்லை.

அடுத்த நாள் எங்கள் வீடு இருந்த நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். எல்லோரும் ஒரு கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முனகினார்கள். வீட்டில் உடம்பு நன்றாக இருந்தது நான் ஒருத்திதான். என்னை ஒன்றும் செய்யவிடவில்லை. என் வீட்டுக்காரர் இடது கையால் அரிவாளைப் பிடித்து ஓர் இலையை அறுத்துப் பார்த்தார். அதில் யாரும் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்க முடியாது. கடைசியில் மாமியார் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்கட்டில் வந்து உட்கார்ந்தார். காய்ச்சல் அடித்த உடம்பு, இடது கை பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிக் கிடந்தது. வலது கையால் சரசரவென்று நுனியிலையாக அறுத்துத் தள்ளினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

"நல்லவேள, இந்தக் கைய விட்டுவச்ச" என்றார் என்னைப் பார்க்காமல். "இதையும் குத்தியிருந்தான்னா சத்திரத்துல எல்லாரும் தரையிலதான் சாப்புட்டிருக்கணும்."

"ரெண்டு கைத் தையலையும் எதுக்கு அத்தை பிரிச்சீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"நீ சொன்னியா?"

"நீங்கதானே சொல்லக் கூடாதுன்னீங்க?"

அறுத்த இலையால் என் முழங்காலில் ஒன்று போட்டார். "ஊருக்குச் சொல்லக் கூடாதுன்னேன். எனக்குமா?"

அந்த வருஷம் ஏகாதசிக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போகவில்லை. ஊசி போடாத உடம்பு, அந்த நெரிசல் வேண்டாம் என்றார்கள். வீட்டிலேயே இருந்தேன், ஜனம் போகிற இரைச்சல் மட்டும் அலைபோலத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. ஏகாதசிக்குப் பிறகு வருகிற ராப்பத்து நாட்களிலும் சொர்க்கவாசல் திறந்திருக்கும். கூட்டம் ஓய்ந்த ஒரு சாயங்காலம் மாமியார் என் வலது பக்கம் ஒண்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்களையெல்லாம் முழங்கையால் விலக்கி, என்னை அந்த வாசல் வழியாக நடத்திக்கொண்டு போனார். "மெதுவா வா, மெதுவா வா. யாரு நம்மளத் தொரத்துறா?" என்று சொல்லிக்கொண்டே அவர்தான் வேகமாக நடந்தார்.

எதிர்வீட்டு அக்கா சொன்னபடி ஆனிக் கடைசியில் அந்தக் காய்ச்சல் தெளிந்தது. பெண். அப்போதும் மாமியார் சர்க்கரை வாங்கவில்லை. குழந்தைக்கு அம்மை குத்தி, கையில் தழும்பு ஆறிக் காய்ந்த பிறகுதான் தெருவுக்குக் கொடுத்தார். போன தடவைக்கும் சேர்த்து, வீட்டுக்கு இரண்டு கை.

இதெல்லாம் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆனி மாசத்துப் பெண்ணுக்கு ஒரு பெண். அவளுக்கு இப்போது நான்காம் மாதம். மழைக்கு முன்னால் வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அவள்தான் எங்களைத் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அன்று எங்கள் ஊருக்கு வராத அந்த ஊசி, இப்போது வருஷா வருஷம் வருகிறதாம். போன வருஷத்துக் காய்ச்சல் வேறு, இந்த வருஷத்துக் காய்ச்சல் வேறு என்பதால் ஒரு தடவை போட்டால் போதாதாம். நர்ஸ் பெண் ஒவ்வொருவராக விசாரித்தாள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குப் போடலாம், என்னைப் போல வயதானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள் கட்டாயம் போட்டுக்கொள்வது நல்லது, இன்றைக்குக் காய்ச்சலாக இருப்பவர்கள் இன்னொரு நாள் வரலாம் என்றாள்.

"யாராவது பிரெக்னன்ட்டா இருக்கீங்களா?"

"நான்தான், நாலு மாசம்" என்றாள் என் பேத்தி. அத்தனை பேர் முன்னால், அவள் மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பஸ் நம்பர் சொல்கிற மாதிரி.

எனக்குத் தலை தானாகக் குனிந்தது. தூண் எங்கே இருக்கிறது என்று கண் தேடியது.

"அப்ப மொதல்ல நீங்க வாங்க" என்றாள் நர்ஸ். "கர்ப்பமா இருக்கிறவங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். காய்ச்சல் வந்தாத்தான் ஆபத்து. இது ஒங்களுக்கும் நல்லது, உள்ள இருக்கிற கொழந்தைக்கும் நல்லது."

தள்ளி நிற்கச் சொன்ன இடத்தில் இப்போது முதலில் கூப்பிடுகிறார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோடையில் இந்த ஊசி இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, போயும்விட்டது. பேத்தி போட்டுக்கொண்டு வந்து, "ஒண்ணுமே தெரியல பாட்டி" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு என் முறை. இன்னும் நான் முழங்கை வரைக்கும் கை வைத்த ரவிக்கைதான் போடுகிறேன். இடது கை ஊக்கைக் கழற்றினேன். நர்ஸ் பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஐடியா நல்லா இருக்கே பாட்டி!" என்றாள். போட்டுவிட்டுப் பஞ்சை வைக்கும்போது அவள் கண் என் இன்னொரு கைக்குப் போனது.

"அந்தக் கையிலயும் ஊக்கு போட்டிருக்கீங்களே, அங்க எதுக்கு?"

முதல் நாள் மத்தியானம் நான் பிரித்தது. யாரும் கேட்டு நான் பிரிக்கவில்லை. பேத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலைப்பை இழுத்து வலது தோளை மூடிக்கொண்டேன்.

"சும்மாதாம்மா" என்றேன். "தையல் விட்டுப்போச்சு."